போர்வெல் தக்காளியா, மானாவாரிக் கேழ்வரகா?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில், பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் ஒரு ஏக்கர் மேட்டு நிலம் இருந்தால் இந்தக் கேள்வி வந்தே தீரும்.

தக்காளி மூன்று மாதத்தில் காசு காட்டும், மார்க்கெட்டும் பக்கத்திலேயே. ஆனால் மருந்தடித்து மருந்தடித்து, பூச்சியோடு அதைத் தின்னும் பொறிவண்டும் போய்விடுகிறது. தக்காளிக்கு இறைப்பதோ போர்வெல் தண்ணீர்; தருமபுரி நிலத்தடி நீரில் ஏற்கெனவே ஃபுளூரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. சொட்டுநீர் போட்டால் தண்ணீர் மிச்சம், சரி. அந்த மிச்சத்தில் இன்னொரு கால் ஏக்கர் நடாமல் இருப்பவர் யார்?

கேழ்வரகு மழையை நம்பியே நான்கு மாதத்துக்குள் அறுப்புக்கு வரும். நடுநடுவே அவரை, துவரை, ஆமணக்கு என்று சால் விட்டு விதைப்பது இங்கே பழைய பழக்கம். அவரையும் துவரையும் வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும். துவரை வேர் இறுகிய மண்ணையும் துளைக்கும். ஓரத்தில் உச்செள்ளு என்ற எண்ணெய்வித்துப் பயிரைப் போட்டால் பூக்கும்போது தேனீ மொய்க்கும். தாள் மாட்டுக்கு, சாணம் வயலுக்கு. பணம் குறைவுதான், மறுக்கவில்லை. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் என்றால் அறுப்பு நேரத்தில் யானையும் பங்கு கேட்கும்.

என்னைக் கேட்டால் முக்கால் ஏக்கர் கேழ்வரகு, கால் ஏக்கர் தக்காளி. அப்புறம் அதே இடத்தில் கத்தரி, மிளகாய் வைக்கமாட்டேன். மூன்றும் ஒரே குடும்பம், பல நோய்களும் பொதுதான்.