கோவையில் தங்கைக்கு பி.ஜி. (சாப்பாட்டோடு தங்கும் தனியார் விடுதி) பிடித்து நாங்கள் ஏமாந்த விவரம் (அட்வான்ஸ் போடும் முன் படியுங்கள்)

கவுன்சிலிங்கில் சீட் உறுதியானதும் வீட்டில் அடுத்து எழும் கேள்வி, "பிள்ளை எங்கே தங்கும்?" என்பதுதான். 2024-இல் அந்தப் பதற்றத்தில் நாங்கள் எடுத்த ஒரு அவசர முடிவு, என் தங்கையின் முதல் செமஸ்டரையே தின்றுவிட்டது. இந்த வருஷம் வெளியூருக்குப் பிள்ளையை அனுப்பப்போகும் யாருக்காவது உதவட்டும் என்றுதான் நடந்ததை முழுசாக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கோவில்பட்டி. அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை. நான் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு பார்க்கிறேன். தங்கைக்குக் கோயம்புத்தூரில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் சீட் கிடைத்தது. எங்கள் வீட்டில் பட்டப்படிப்புக்குப் போகும் முதல் ஆள் அவள்தான். அப்பா தெரு முழுக்க லட்டு கொடுத்தார்.

கல்லூரி ஹாஸ்டல் நிரம்பிவிட்டது என்று போனில் ஒரு அம்மா சொன்னார். நான் அத்தோடு விட்டுவிட்டேன். முதல் தவறு அது. காத்திருப்போர் பட்டியல் இருக்கிறதா, பெயர் எழுதிக்கொள்வீர்களா என்று அடுத்த கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

கூகுளில் "பீளமேடு லேடீஸ் ஹாஸ்டல்" என்று தேடினால் பக்கம் பக்கமாக வருகிறது. அவிநாசி ரோட்டை ஒட்டி அவ்வளவு கல்லூரிகள், அவ்வளவு பி.ஜி.கள். ஒரு நம்பருக்கு வாட்ஸ்அப்பில் கேட்டதும் ஐந்து நிமிஷத்தில் படங்களும் வீடியோவும் வந்துவிட்டன. ரெண்டு கட்டில், ரெண்டு மேஜை, ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். டூ ஷேரிங், சாப்பாட்டோடு மாசம் 7,500 ரூபாய், அட்வான்ஸ் 15,000. பேசிய மேனேஜர் அவ்வளவு மரியாதையாகப் பேசினார். "நம்ம வீட்டுப் புள்ள மாதிரி பாத்துக்குவோங்க்கா. சிறுவாணித் தண்ணிதானுங்க. ரெண்டே பெட்தான் மிச்சம், இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள போட்டு விட்டீங்கன்னா ஒண்ணு உங்களுதுங்க."

சாயங்காலம் வரைகூட நான் பொறுக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையிலேயே ஜிபேயில் அட்வான்ஸையும் முதல் மாத வாடகையையும் சேர்த்து 22,500 போட்டுவிட்டேன். அதில் பாதி என் நகையை வைத்து வாங்கிய பணம். ரசீது கேட்டேன். "நேர்ல வாங்கிக்கலாங்க்கா" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

செப்டம்பர் முதல் வாரம் நானும் அப்பாவும் அவளைக் கூட்டிக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் கிளம்பி, விடியற்காலையில் சிங்காநல்லூரில் இறங்கினோம். ஆட்டோ பிடித்து அவர் அனுப்பிய லொக்கேஷனுக்குப் போனால், படத்தில் பார்த்த அதே கட்டிடம், அதே வேப்பமரம். அப்பா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மேனேஜர் வந்தார். "பழைய பொண்ணுங்க இன்னும் காலி பண்ணலீங்க, ஒரு பத்து நாள் மட்டும் பின்னாடி நம்ம இன்னொரு பில்டிங்ல இருக்கட்டும்" என்றார். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ரெண்டு சந்து தள்ளிப் போனோம்.

அந்த அறையை அறை என்று சொல்ல முடியாது. ஒரு ஹாலை நடுவில் பிளைவுட் வைத்துத் தடுத்திருந்தார்கள். இந்தப் பக்கம் நாலு இரும்புக் கட்டில், அந்தப் பக்கம் நாலு. தடுப்பு கூரை வரைக்கும் போகவில்லை, மேலே ஒரு முழ இடைவெளி. அந்தப் பக்கம் யாராவது லைட் போட்டால் இந்தப் பக்கமும் வெளிச்சம். ஜன்னல் அந்தப் பாதிக்குப் போய்விட்டது, இங்கே கிடையாது. அலமாரியில் பூட்டு மாட்ட வளையமே இல்லை. அந்த மாடியில் மொத்தம் பதினாலு பெண்கள், ரெண்டு பாத்ரூம். பக்கெட்டின் உட்புறம் வெள்ளை வெள்ளையாக உப்பு படிந்து கிடந்ததைப் பார்த்ததுமே அது போர் தண்ணீர் என்று தெரிந்துவிட்டது. கோவில்பட்டிக்காரர்களுக்குத் தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்போதே திரும்பியிருக்க வேண்டும். ஆனால் மறுநாள் வகுப்பு ஆரம்பம். கையில் வேறு இடம் இல்லை, பணமும் இல்லை. அவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வகுப்பு தொடங்குவதற்கு முந்தின நாள் பெட்டியோடு வந்து நிற்கும் குடும்பம் எங்கேயும் போகாது என்ற தைரியத்தில்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

சேர்க்கைப் படிவம் ஒன்றை நீட்டினார்கள். அப்பா கையெழுத்துப் போட்டார். பின்பக்கம் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்ததை அவரால் படிக்க முடியாது, நானும் படிக்கவில்லை. தங்கையின் ஒரிஜினல் ஆதார் கார்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள், "போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு" என்று சொல்லி. நகல் கொடுத்தால் போதும், அதுவும் முதல் எட்டு எண்களை மறைத்த ஆதார் கொடுத்தால் போதும். ஆதார் இணையதளத்திலேயே அதை டவுன்லோட் செய்யலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தக் கார்டைத் திரும்ப வாங்க நாங்கள் பட்ட பாடு பெரிய பாடு.

பத்து நாள் என்றது மூன்று மாதம் ஆனது. வேப்பமர அறை கடைசி வரை வரவேயில்லை. அங்கே இருந்த ஒரு மூன்றாம் வருஷப் பெண் தங்கையிடம் சொன்னாளாம், "எல்லாருக்கும் அந்த ரூம் வீடியோதான் அனுப்புவாங்க" என்று.

பாத்ரூமுக்குக் காலை ஐந்து மணிக்கு எழுந்து வரிசை. எட்டே முக்காலுக்கு வகுப்பு. மெஸ்ஸில் காலை எட்டு மணிக்கு முன்னால் எதுவும் தயாராகாது, அதனால் பாதி நாள் வெறும் வயிற்றோடு போவாள். தமிழ் மீடியத்தில் படித்தவள் அவள். முதல் செமஸ்டரில் கணக்கும் இயற்பியலும் ஆங்கிலத்தில் காதில் விழுவதே அவளுக்குப் புதுசு. ராத்திரி உட்கார்ந்து ஒரு தடவை எழுதிப் பார்த்தால்தான் புரியும். ஆனால் அந்த இடத்தில் உட்கார மேஜையும் இல்லை, அமைதியும் இல்லை. கட்டிலில் சம்மணம் போட்டு, மடியில் தட்டைக் கவிழ்த்து வைத்து எழுதினாள். முதல் இன்டர்னல் தேர்வில் கணக்கில் ஐம்பதுக்கு பதினொன்று. பிளஸ் டூவில் கணக்கில் தொண்ணூற்றைந்து எடுத்தவள்.

வகுப்பில் எல்லோரும் சாயங்காலம் சேர்ந்து படிப்பார்களாம், கிளப், அது இது என்று இருப்பார்களாம். இவள் எதற்கும் நிற்கமாட்டாள். பாத்ரூம் காலியாக இருக்கும் நேரம் பார்த்து ஓடி வருவாள், குளிப்பதற்காக. முதல் வருஷம்தான் நட்பு சேரும் காலம், அது இப்படிப் போனது. போனில் என்னிடம் "நல்லாத்தான் இருக்கேன்க்கா" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் போட்ட பணம் வீணாகிவிடக் கூடாது என்று அவள் பொறுத்துக்கொண்டாள். தீபாவளிக்கு வந்தபோது தலை சீவிவிட்டேன், சீப்பில் கொத்தாக முடி. அன்றைக்குத்தான் உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டேன்.

அப்புறம் பில்களைப் பார்த்தேன். மாதா மாதம் 900 ரூபாய் "ஜி.எஸ்.டி. 12%" என்று வாங்கியிருக்கிறார்கள். பில்லில் ஜி.எஸ்.டி. பதிவு எண்ணே இல்லை. நான் கணக்கு பார்க்கிறவள் என்பதால் கடை ஆடிட்டரிடம் கேட்டேன். ஆளுக்கு மாசம் 20,000 ரூபாய்க்கு மேல் போகாத, தொடர்ந்து 90 நாளாவது தங்குகிற ஹாஸ்டல் வாடகைக்கு 2024 ஜூலையிலிருந்தே வரிவிலக்கு என்றார். அதாவது அந்த 900 அரசாங்கத்துக்குப் போகவே இல்லை. பேர் மட்டும் வரி. உங்கள் பிள்ளையின் பில்லையும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

நவம்பரில் காலி செய்கிறோம் என்று ஒரு மாத நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அட்வான்ஸைக் கேட்டோம். அப்போதுதான் அந்தப் பொடி எழுத்து வெளியே வந்தது. பதினொரு மாதம் கட்டாயம் தங்க வேண்டுமாம், நடுவில் போனால் அட்வான்ஸ் கிடையாதாம். மரியாதையாக "அக்கா" என்று பேசிய அதே மேனேஜர், "கையெழுத்துப் போட்டது உங்கப்பாதானே?" என்றார். அப்பா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது.

விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

பெண்கள் விடுதிகளுக்கென்று தமிழ்நாட்டில் 2014-இல் வந்த ஒரு ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. தனியார் விடுதியாக இருந்தாலும் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்கித்தான் நடத்த வேண்டும். கோவை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் போய்க் கேட்டதில், வேப்பமரக் கட்டிடத்துக்கு உரிமம் இருந்தது, பின்சந்துக் கட்டிடத்துக்கு இல்லை. எழுத்தில் புகார் கொடுத்து நகலில் சீல் வாங்கிக்கொண்டேன். நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் போன் செய்து புகாரைப் பதிவு செய்தேன்.

இன்னொரு விஷயம், வெளியூர்க்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட நாம் கோயம்புத்தூருக்கு அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், எங்களுக்குத் தூத்துக்குடி. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இதையெல்லாம் எழுதி, வீடியோவில் காட்டிய அறையையும் கொடுத்த அறையையும் பக்கத்துப் பக்கத்தில் பிரிண்ட் போட்டு, சமூக நல அலுவலகப் புகாரின் நகலையும் வைத்துப் பதிவுத் தபாலில் ஓனர் பெயருக்கு அனுப்பினேன். பதினைந்து நாள் கெடு.

பன்னிரண்டாம் நாள் ஓனரே பேசினார். "எதுக்குங்க இவ்வளவு தூரம், பேசித் தீத்துக்கலாமே" என்றார். 15,000-இல் 9,000 வந்தது. பெயின்ட், மெயின்டனன்ஸ் என்று 6,000-ஐப் பிடித்துக்கொண்டார்கள். ஜி.எஸ்.டி. என்று வாங்கியதும் வரவில்லை. மீதிக்கும் வழக்குப் போட்டிருக்கலாம். செமஸ்டர் தேர்வு நேரத்தில் தங்கையைச் சாட்சி, வாய்தா என்று இழுக்க எனக்கு மனசு வரவில்லை. அது சரியா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான்.

நீங்கள் பணம் போடும் முன் நேரில் போங்கள். முடியாவிட்டால் அந்த ஊரில் யாராவது தெரிந்தவரை அனுப்பி, உங்கள் பிள்ளை படுக்கப்போகும் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு வீடியோ கால் போடச் சொல்லுங்கள். குழாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அறை எண்ணும் கட்டிட முகவரியும் ரசீதில் வர வேண்டும், காலி செய்தால் அட்வான்ஸில் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்ப வரும் என்பதும் வர வேண்டும். உரிமத்தின் நகலைக் கேளுங்கள், முறையாக நடத்துகிறவர் அதற்குக் கோபப்படமாட்டார். "இன்னைக்கே போடுங்க" என்று யார் சொன்னாலும் அன்றைக்குப் போடாதீர்கள். தெருமுனை மளிகைக் கடையில் ஒரு வார்த்தை விசாரியுங்கள். நாங்கள் காலி செய்த அன்று கயிறு வாங்கப் போன கடையில் அந்த அம்மா, "வருஷா வருஷம் இந்தக் கூத்துதான் கண்ணு, முன்னாடியே என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார்.

தனியாரைத் தேடும் முன் அரசு விடுதிகளையும் பாருங்கள். பிற்படுத்தப்பட்டோர் நலம், ஆதிதிராவிடர் நலத் துறைகள் கல்லூரி மாணவிகளுக்கு நடத்தும் விடுதிகளில் தங்குவதும் சாப்பாடும் இலவசம். பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். எங்களுக்கு அந்தத் தகுதி இருந்தது, விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. 2025-இல் இவற்றுக்கு சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். பழைய பெயரில் விசாரித்துவிட்டு இல்லை என்று திரும்பிவிடாதீர்கள்.

தங்கை இப்போது கல்லூரி ஹாஸ்டலிலேயே இருக்கிறாள். டிசம்பரில் வார்டனை நேரில் பார்த்துக் கேட்டபோது அவர் ஒரு நோட்டைத் திறந்து காட்டினார். செப்டம்பரிலிருந்தே காத்திருப்போர் பட்டியல் அதில் இருக்கிறது. கல்லூரி மாறியவர்கள், பாதியில் போனவர்கள் என்று அதுவரை ஒன்பது இடம் காலியாகி, பெயர் எழுதி வைத்திருந்த ஒன்பது பேருக்குப் போயிருந்தது. பத்தாவதாக என் தங்கையின் பெயரை அன்றைக்கு அவர் எழுதினார்.