தாலுகா ஆஸ்பத்திரியா, 14416 உதவி எண்ணா, டவுன் டாக்டரா? கிராமத்திலிருந்து மனநல ஆலோசனைக்குப் போகிறவர்களுக்கு

புதுக்கோட்டை மாவட்டத்தில் கறம்பக்குடி, ஆலங்குடி பக்கம் ஒரு கிராமத்தில் ஒருவருக்கு வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அழுகை வருகிறது என்றால் எங்கே கூட்டிப்போவது? "நல்ல டாக்டர் யாரு?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், மூன்றாவது தடவையும் போக முடிகிற இடம் எது என்று பார்ப்பதுதான் சரி. மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், ஆனால் குமட்டலும் தலைச்சுற்றலும் முதல் வாரமே வந்துவிடும். பேசித் தீர்க்கிற சிகிச்சைக்கும் பல தடவை போய் உட்கார வேண்டும். ஒரு தடவை போய்விட்டு "மாத்திரை ஒத்துக்கலை" என்று நிறுத்தியவர்கள் எங்கள் பக்கம் நிறைய. 2015-16 தேசிய மனநல ஆய்வில், மனச்சோர்வு, பதற்றம் போன்ற பொதுவான பிரச்சினை இருப்பவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேர் சிகிச்சையே பெறவில்லை என்று வந்தது. மீதிப் பேரில் எத்தனை பேர் பாதியில் விட்டார்களோ.

முதலில் தாலுகா ஆஸ்பத்திரி. மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. 1996-97-ல் நாட்டில் நான்கே மாவட்டங்களில் இதை ஆரம்பித்தபோது அதில் நம் திருச்சியும் ஒன்று. இப்போது தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் அடங்கிய குழு, மாதத்தில் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா ஆஸ்பத்திரிக்கும் சில ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வரும். எந்த நாள் என்று உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டால் சொல்வார், இல்லை விசாரித்தாவது சொல்வார். பார்ப்பதும் இலவசம், மாத்திரையும் இலவசம். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் போகிற செலவும் பெரும்பாலும் மிச்சம். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. கையில் காசு வைத்துக்கொள்ள முடியாத ஒரு பெண் வீட்டில் யாரிடமும் கேட்காமல் கிளம்பிப் போக முடிகிற இடம் இது ஒன்றுதான்.

குறைகளும் உண்டு. அன்றைக்கு ஒரே நாளில் அத்தனை பேரும் வருவதால் டாக்டரிடம் சில நிமிடம்தான் கிடைக்கும். அவருக்கு மாற்றல் வந்தால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். அப்புறம், வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் தெரிந்த முகமாக இருப்பார்கள். கல்யாண வயதுப் பெண் இருக்கிற வீடு இதற்காகவே தயங்கும். ஆனால் மாத்திரை வாங்கியதும் கிளம்பிவிடாமல், "உளவியலாளர்கிட்ட தனியா பேசணும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை, அதனால் இங்கே கவுன்சலிங்கே கிடையாது என்று முடிவுகட்டி விடுகிறார்கள்.

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி அடுத்தது. புதுக்கோட்டையில் 2017-லிருந்து இருக்கிறது, தஞ்சாவூரில் அதற்கு ரொம்ப முன்னாலிருந்தே. முதல் தடவை என்ன நோய் என்று தெரிந்துகொள்ள இதுதான் நல்ல இடம். தைராய்டு குறைவு, ரத்தசோகை இரண்டுமே மனச்சோர்வு மாதிரியே சோர்வாகவும் மந்தமாகவும் காட்டும், அந்த ரத்தப் பரிசோதனைகள் அங்கேயே நடக்கும். தேவைப்பட்டால் படுக்கையும் உண்டு. ஆனால் மாதாமாதம் மருந்துக்காக அங்கே போவது ஒரு நாள் கூலியை விடுவது, கூட வருகிறவருக்கும் சேர்த்து இரண்டு நாள் கூலி. அங்கே நோயைக் கண்டுபிடித்து, எழுதிக்கொடுத்த சீட்டை எடுத்துப்போய்த் தாலுகாவில் தொடரலாம்.

டவுனில் தனியார் மனநல மருத்துவரிடம் போவதில் ஒரு பெரிய வசதி, மாலையில் பார்க்கலாம், அதே டாக்டர் அடுத்த தடவையும் இருப்பார். என் சித்தியை முதலில் அப்படித்தான் கூட்டிப்போனோம். டாக்டர் நிதானமாகக் கேட்டார், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பீஸ், மருந்து, வண்டிச் செலவு எல்லாம் சேர்ந்ததும், கொஞ்சம் தேறியவுடன் "இனி வேணாம்" என்று சித்தியே நிறுத்திவிட்டார். சில மாதத்தில் பழையபடி. அப்புறம் தாலுகா ஆஸ்பத்திரிக்கு மாற்றினோம், அங்கேதான் நிலைத்தது. தனியாரிடம் போகிறவர்கள் மருந்தின் மூலப்பெயரை (கம்பெனி வைத்த பெயர் அல்ல) எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், மக்கள் மருந்தகத்தில் அதே மருந்து இருந்தால் செலவு வெகுவாகக் குறையும். "கவுன்சலிங் சென்டர்" என்று போர்டு மாட்டியிருக்கிற இடத்தில், அங்கிருப்பவர் என்ன படித்தார், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) பதிவு செய்த மருத்துவ உளவியலாளரா என்று தயங்காமல் கேளுங்கள். மாத்திரை எழுத அவருக்கு உரிமை இல்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

14416. டெலி-மானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது, நம் மாநிலத்தில் "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் இருக்கிறது. 24 மணி நேரமும், இலவசமாக, தமிழில் பேசலாம். முதலில் ஆலோசகர் பேசுவார், தேவையென்றால் மனநல மருத்துவருக்கு இணைப்பார். ராத்திரி இரண்டு மணிக்கு மனசு தாங்காதபோது இதற்கு நிகராக வேறெதுவும் இல்லை, முகம் தெரியாது, ஊருக்கும் தெரியாது. ஆனால் அடுத்த முறை அதே ஆள் கிடைப்பார் என்று சொல்ல முடியாது. வீட்டில் ஒரே போன், அதுவும் கணவர் கையில் என்றால் அந்தரங்கமாகப் பேசுவது எப்படி? முதல் அடி எடுத்து வைப்பதற்கும், ஒரு தடவை டாக்டரிடம் போனதற்கும் அடுத்த தடவைக்கும் நடுவில் வருகிற நெருக்கடிக்கும் இது சரி, ஆறு மாத சிகிச்சையை இதன்மேல் மட்டும் நிறுத்த மாட்டேன்.

தொண்டு நிறுவனங்களில், சென்னையின் ஸ்கார்ஃப் 2010-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆரம்பித்த பஸ் கிளினிக்கைச் சொல்ல வேண்டும். பஸ்ஸுக்குள் உட்கார்ந்து வீடியோவில் சென்னை டாக்டரிடம் பேசிவிட்டு, அங்கேயே மருந்தும் வாங்கலாம், வராமல் விட்டவரை உள்ளூர்ப் பணியாளர் வீட்டுக்கே போய் விசாரிப்பார். நான் பார்த்த ஏற்பாடுகளில் மூன்றாவது தடவையைப் பற்றி உண்மையாக யோசித்தது இதுதான். இப்படி ஒன்று எல்லா ஊருக்கும் வருவதில்லை, நிதியை நம்பியே ஓடுகிறது என்பதுதான் வருத்தம்.

கோயிலும் தர்காவும் இந்தப் பட்டியலில் எதற்கு என்று கேட்கலாம். ஜனங்கள் முதலில் போவது அங்கேதான், அதனால்தான். குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்குவது ஆறுதல் தந்தால் தங்கட்டும், மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது. ஏர்வாடியில் தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த விடுதியில், 2001 ஆகஸ்ட் 6 தீ விபத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்துபோனார்கள். இன்று யாரையும் சங்கிலியில் கட்டுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. அதே ஏர்வாடி தர்காவில் துவா என்கிற பிரார்த்தனையோடு மருந்தும் தருகிற அரசுத் திட்டம் பிறகு வந்தது. நம்பிக்கையை விடச் சொல்லாமல் மருந்தையும் சேர்த்துக் கொடுப்பது, திட்டித் திருத்தப் பார்ப்பதைவிட எவ்வளவோ மேல்.

சாவைப் பற்றிப் பேசுகிறார் என்றால் இந்த ஒப்பீடு எதுவும் வேண்டாம். தனியாக விடாதீர்கள், வீட்டிலிருக்கிற பூச்சிமருந்தை அன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றுங்கள், 14416-க்குப் பேசுங்கள். விஷம் குடித்துவிட்டார் என்றால் உடனே 108. போலீஸ் கேஸாகும் என்று பயந்து மறைத்து நேரத்தை விடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 சட்டத்தின் 115-ம் பிரிவு. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ம் பிரிவே இல்லை.