ஏணியா, நிலையா, பொது வடிவமைப்பா? பல வேகங்கள் கொண்ட வகுப்பறைக்கான மூன்று வழிகள்

ஒரே வகுப்பில் பல வேகங்களில் கற்கும் பிள்ளைகளுக்காகத் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் இந்த நூற்றாண்டில் இரண்டு பெரிய முயற்சிகளைக் கண்டிருக்கின்றன: 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம். இவற்றுடன் அமெரிக்காவின் காஸ்ட் (CAST) என்னும் கல்வி ஆய்வு நிறுவனம் வளர்த்தெடுத்த ‘கற்றலுக்கான பொது வடிவமைப்பு’ என்னும் அணுகுமுறையையும் சேர்த்து எடைபோட வேண்டும்.

செயல்வழிக் கற்றலின் பெரும் பலம் அதன் ஏணி, அதாவது பாடத்தைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்துப் படிப்படியாக அடுக்கிய வரிசை. காய்ச்சலில் ஒரு வாரம் வராத பிள்ளை, தான் விட்ட அட்டையைத் தட்டிலிருந்து எடுத்து, விட்ட படியிலிருந்தே தொடரலாம். வகுப்பு தன்னை விட்டுப் போய்விட்டது என்ற கலக்கம் அதற்கு இல்லை. ஆனால் வேகம்தான் பிள்ளைக்குப் பிள்ளை மாறியதே தவிர, வழி மாறவில்லை. பார்வை மங்கிய பிள்ளைக்கும் அதே அட்டைதான்.

எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அவரவர் கற்றல் அளவைக் கொண்டு, கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என நிலைப்படுத்துகிறது. பாடப்பொருளில் எல்லோரும் ஒன்றாக இருந்துகொண்டே அவரவர் நிலைக்கேற்ற பயிற்சியைச் செய்வது ஏணியில் கிடைக்காத நன்மை. எனினும், எவ்வளவு அழகான பெயரைச் சூட்டினாலும், அரும்பு என்றால் என்ன பொருள் என்பதைப் பிள்ளைகள் விரைவிலேயே கண்டுகொள்கிறார்கள் என்பது என் பெருங்கவலை.

பொது வடிவமைப்பு பிள்ளையைப் பிரிப்பதற்கு முன் பாடத்தைத் திருத்தச் சொல்கிறது: ஆர்வத்தைத் தூண்டவும், பொருளை உணர்த்தவும், கற்றதை வெளிப்படுத்தவும் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் தொடக்கத்திலேயே இருக்க வேண்டும். இடமதிப்புப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்ட மூன்று கட்டு ஈர்க்குச்சிகளும் நான்கு தனிக் குச்சிகளும் தரையில் இருக்கின்றன. பார்வை மங்கியவள் தடவி எண்ணுகிறாள். எழுதத் தடுமாறுபவன் வாயால் ‘முப்பத்து நான்கு’ என்கிறான். விரைந்து முடித்தவனிடம் ஏழு குச்சி கேட்டால், நான்கைத் தந்துவிட்டுச் சற்று யோசித்து ஒரு கட்டின் வளையத்தைக் கழற்றுகிறான். கடன் வாங்கிக் கழித்தல் அந்த வளையத்தைக் கழற்றும் விரலில் புரிந்துவிடுகிறது. இதற்குத் திறன்பலகை தேவையில்லை. முன் தயாரிப்பு தேவை. இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்க்கும் பள்ளியில் அந்த நேரம் எளிதில் கிடைக்காது என்பதே இந்த வழியின் உண்மையான தடை.

ஆகவே அன்றாடப் பாடங்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றாமல், பிள்ளைகள் வழக்கமாக இடறும் பாடங்களுக்கு மட்டும் முதலில் பொது வடிவமைப்பைக் கையாளலாம் என்பேன். ஏணியின் ‘விட்ட இடத்திலிருந்து தொடரும்’ வழக்கம் அப்படியே நீடிக்கட்டும். நிலைப் பெயர்கள் ஆசிரியரின் குறிப்பேட்டுக்குள் மட்டும் இருக்கட்டும். கூடவே தேர்வும் மாற வேண்டும். குச்சிகளைக் கொண்டு கழித்துக் காட்டிய பிள்ளைக்கு வினாத்தாளில் எழுதியவனுக்குரிய அதே மதிப்பெண் கிடைக்காவிட்டால், அடுத்த ஆண்டு அந்தக் குச்சிக் கட்டு அலமாரிக்குள் போய்விடும்.