வின்செஸ்டர் 94-ஆ, மார்லின் 336-ஆ?

இரண்டுமே அமெரிக்க மான் வேட்டைக்காரர்களின் பழைய துணையான லீவர் துப்பாக்கிகள். விசைக்குக் கீழுள்ள லீவரைக் கீழே தள்ளினால் சுட்ட தோட்டாவின் வெற்றுக் குப்பி வெளியே, மேலே இழுத்தால் அடுத்த தோட்டா உள்ளே.

ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1894-இல் வந்த வின்செஸ்டர் ஒல்லி. ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு காட்டில் நடக்கலாம். ஆனால் குப்பி உச்சி வழியாகத் துள்ளும். அதனால் அங்கே தொலைநோக்கி பொருத்தப் பல காலம் திண்டாட்டம். 1948-இல் வந்த மார்லினோ பக்கவாட்டில் துப்பும்; மேற்புறம் மூடிய எஃகு. சற்றுக் கனம்தான், சரி. ஆனால் துடைப்பது சுலபம்: லீவரின் ஒரு திருகைக் கழற்றினால் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் உலோகத் துண்டு) பின்பக்கமாக வந்துவிடும்.

இரண்டிலும் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் குழாய்க்குள் ஒரு தோட்டாவின் மூக்கு முன்னதன் பின்புறத்தைத் தொட்டு நிற்கும். கூர் மூக்கு என்றால் இடித்து வெடித்துவிடலாம்; அதனால் இரண்டுக்கும் வழக்கமாகத் தட்டை மூக்குத் தோட்டாதான்.

கண் மங்கியவருக்கு மார்லின். அழகு என்றால் எனக்கு 94 தான்.