ஃப்ரீலான்ஸ் எழுத்தில் 9 வருடம்: கையில் நின்றவை, கழன்று போனவை

வேலையை விட்ட முதல் மாதத்தில் என்னென்னவோ வாங்கினேன். சுழல் நாற்காலி, ஐந்து நிறத்தில் ஹைலைட்டர், வருடச் சந்தா கட்டிய ஒரு குறிப்புச் செயலி, காதை முழுக்க மூடும் ஹெட்போன். 2016 நவம்பர் அது. ஊரே ஏ.டி.எம். வாசலில் நின்றது. எனக்கு வந்த முதல் கூலியே செல்லாத 500 ரூபாய் நோட்டாக வரப் பார்த்தது. “பேங்க்ல போட்டுடுங்கண்ணே” என்று கும்பிடு போட்டுத் தப்பித்தேன். நாற்காலி இன்னும் இருக்கிறது, துவைத்த துணியைக் குவித்துவைக்க. சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. ஹைலைட்டர்களை மகள் எடுத்துக்கொண்டாள்.

மதுரையில் வீட்டில் இருந்தபடியே வேலை. பாதி, ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பு. மீதி, கம்பெனிகளின் இணையதளத்துக்கும் விளம்பரத்துக்கும் எழுதுவது. நடுநடுவே யாராவது கொண்டுவரும் நூலுக்குப் பிழைதிருத்தம். இதில் எனக்கு நிஜமாகச் சோறு போட்ட எழுதும் கருவி என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் தேறும். மற்றதெல்லாம் எண்ணுவதும் வசூலிப்பதும் சம்பந்தப்பட்டவை.

அந்த ஒன்று, தமிழ்99 விசைப்பலகை. அதுவரை ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும் முறையில்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் எழுதுகிறவருக்கு அது போதும். பத்துப் பக்கம் என்று வரும்போது ள, ண, ற மூன்றுக்கும் ஷிப்ட்டை அழுத்தி அழுத்தி இடக்கைச் சுண்டுவிரல் வீங்கிவிட்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி வந்த அமைப்பு இது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. ‘அம்மா’ என்றால் அ, ம, ம, ஆ, நான்கே தட்டு. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ந-வை அடுத்துத் த, ங-வை அடுத்துக் க வந்தாலும் அப்படித்தான். பழக மூன்று வாரம் ஆனது. முதல் வாரம் நிமிடத்துக்கு எட்டுச் சொல்கூடத் தேறவில்லை. வாடிக்கையாளர்களிடம் காய்ச்சல் என்று பொய் சொன்னேன்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ‘வந்தது’ என்று அடிக்கும்போது த, த என்று அடுத்தடுத்துத் தட்டினால் ‘வந்த்து’ என்று வந்து நிற்கும். முதல் த-வுக்குப் பின் ஒரு அ-வைத் தட்டித்தான் பிரிக்க வேண்டும். யாராவது எழுதியதில் ‘வந்த்து’, ‘இருந்த்து’ என்று கண்ணில் பட்டால், ஓ, நம்ம ஆளு என்று தெரிந்துகொள்வேன். ஒரு பல்பொடி விளம்பரத்தில் ‘வெண்மை தந்த்து’ என்று நானே அனுப்பி, அது நோட்டீஸாக அச்சாகிக் கடைக்கடையாகப் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து எதையும் அனுப்பும் முன் ‘ந்த்து’ என்று ஒரு முறை தேடிப் பார்த்துவிடுவேன். தட்டச்சுக்குக் கணினியில் என்.ஹெச்.எம். ரைட்டர் என்ற மென்பொருள், போனில் செல்லினம் என்ற செயலி. இரண்டிலும் தமிழ்99 உண்டு என்பதால் விரல் குழம்புவதில்லை.

‘கௌரவம்’ என்ற சொல்லையும் தேடிப் பார்ப்பேன். ஒற்றைக்கொம்பும் ள-வும் சேர்த்து அடித்த ‘கெளரவம்’ பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், தேடினால் கிடைக்காது. பிழைதிருத்த வரும் கோப்புகளில் பாதியில் இது இருக்கிறது. சந்திப்பிழைக்கு நாவி, எழுத்துப்பிழைக்கு வாணி என்ற இணையத் திருத்திகள். இரண்டும் இலவசம், நீச்சல்காரன் என்ற புனைபெயர்க்காரர் உருவாக்கியவை. ஒற்று மிகுமா மிகாதா என்று மனசு தடுமாறும் இரவு பதினொரு மணிக்கு நாவியைத்தான் திறப்பேன்.

அச்சகத்தோடு வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்று. “அக்கா, நீங்க அனுப்புன ஃபைல் கட்டம் கட்டமா வருதுக்கா” என்று போன் வந்தால் பதற வேண்டாம். அங்கே பழைய பேஜ்மேக்கர் (பக்கம் வடிவமைக்கும் மென்பொருள்) ஓடுகிறது, நாம் அனுப்பியது யூனிகோடு, அதற்கு இது புரியாது, அவ்வளவுதான். என்.ஹெச்.எம். கன்வெர்ட்டரில் அவர்கள் கேட்கும் எழுத்துருவின் குறியாக்கத்துக்கு மாற்றி அனுப்பலாம். மாற்றியதும் ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ வரும் இடங்களை மட்டும் கண்ணால் பார்த்துவிடுங்கள். இந்த மாற்று வேலைக்கும் பில்லில் தனியாகக் காசு போடலாம் என்று எனக்குத் தோன்றவே நாலு வருடம் ஆயிற்று.

பேசினால் எழுதிக்கொள்ளும் வசதி பேட்டியைக் குறிப்பெடுக்க உதவுகிறது, கட்டுரை எழுத உதவவில்லை. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

காசுக்கு வருவோம். முதல் இரண்டு வருடம் மொழிபெயர்ப்புக்குத் தமிழ்ச் சொல் கணக்கில் வாங்கினேன். மடத்தனம். ஆங்கிலத்தில் 1000 சொல் உள்ள கட்டுரை தமிழில் 700-ஐச் சுற்றித்தான் வரும். நம் வேற்றுமை உருபெல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்கிறதே. ‘அவர்களுடைய வீட்டிலிருந்து’ என்பது இரண்டு சொல், ஆங்கிலத்தில் மூன்று. ஆக, நன்றாகச் சுருக்கி எழுத எழுத வருமானம் குறையும் விநோதம். ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்பதை ‘வந்து கொண்டு இருக்கிறேன்’ என்று மூன்றாக உடைத்துக் காசு பார்த்தவர்களை எனக்குத் தெரியும். (நானும் ஓரிரு முறை உடைத்திருக்கிறேன்.) 2019 முதல் மூல ஆங்கிலச் சொல் கணக்குதான். வேலை தொடங்கும் முன்பே தொகை இவ்வளவு என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும், சண்டை இல்லை.

தொகை, கெடு, எத்தனை முறை திருத்தம், பணம் எத்தனை நாளில். இந்த நான்கையும் ஒரு மின்னஞ்சலில் எழுதி, “சரி என்று ஒரு வரி பதில் போடுங்கள், ஆரம்பிக்கிறேன்” என்று கேட்பேன். தெரிந்தவர், சொந்தக்காரர், அப்பாவின் நண்பர், யாராக இருந்தாலும். பதில் வராத வேலையில் கை வைப்பதில்லை.

அடுத்து வசூல் தாள். கூகுள் ஷீட்ஸில் ஒரே ஒரு பக்கம்: பில் எண், தேதி, தொகை, வந்த தேதி, வந்த தொகை, டி.டி.எஸ். (பணம் தருபவர் முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வருமான வரி). பணம் வராத பில்லின் வரிசை 30 நாள் தாண்டினால் மஞ்சளாகும். இந்த டி.டி.எஸ். பத்தியைச் சேர்த்ததே ஒரு கூத்துக்குப் பிறகு. 40,000-க்குப் பில் போட்டேன், 36,000 வந்தது. சண்டைக்குத் தயாராகப் போன் போட்டால், அக்கவுண்ட்ஸில் இருந்த அம்மா பொறுமையாகச் சொன்னார்: “பத்து பர்சென்ட் டி.டி.எஸ். பிடிச்சிருக்கும்மா. உங்க பான் நம்பர்ல கட்டியாச்சு, ரிட்டர்ன் போட்டா திரும்ப வரும்.” வந்தது. அப்போது ஒரே இடத்திலிருந்து வருடத்துக்கு 30,000 தாண்டினால் பிடிப்பார்கள். 2025 ஏப்ரலில் அந்த வரம்பு 50,000 ஆனது. பிடித்ததைக் கட்டாமலே விட்ட ஓரிடமும் உண்டு. நம் பான் எண்ணில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அந்தத் தொகையைக் காணோம். ஐந்து மாதம் நச்சரித்து வாங்கினேன். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாளையும் 26ஏஎஸ்-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

ஃப்ரீலான்ஸ்காரர்கள் அதிகம் கண்டுகொள்ளாத ஒன்று, சிறு, குறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு. 2020 ஜூலையில் தொடங்கியது, கட்டணம் கிடையாது, ஆதாரும் பானும் இருந்தால் போதும். எழுதிப் பிழைக்கும் தனிநபரும் குறுந்தொழில் கணக்கில் வருகிறார். அப்படிப் பதிந்தவருக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும் என்பது சட்டம். சட்டம் இருந்தது, பணம்தான் வராது. 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரியில் ஒரு முடிச்சு போட்டார்கள்: கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும்வரை கம்பெனி தன் செலவாகக் காட்ட முடியாது. பில்லின் அடியில் உத்யம் எண்ணைப் போட ஆரம்பித்த பிறகு, நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில் எனக்கு கம்பெனிக்காரர்களே போன் போட்டு “மேடம், ஏதாவது பெண்டிங் இருக்கா?” என்று கேட்கிறார்கள். ஒன்பது வருடத்தில் இதுதான் எனக்குப் பெரிய அதிசயம்.

2022 இறுதிக்குப் பிறகு வேலையின் முகமே மாறிவிட்டது. முழு மொழிபெயர்ப்பு குறைந்து, இயந்திரம் மொழிபெயர்த்ததைத் திருத்தும் வேலை வருகிறது. “சும்மா ஒரு பார்வை பார்த்துக் குடுங்க” என்பார்கள், சொல்லுக்குக் கால்வாசி விலை சொல்வார்கள். ஒரு வைப்புத்தொகைத் திட்டத்தின் துண்டுப்பிரசுரம் வந்தது. அதில் ‘ஆண்டுக்கு 7 சதவீத ஆர்வம் பெறுங்கள்’ என்று இருந்தது. ‘இன்ட்ரஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லை, அதாவது வட்டியைத்தான், அப்படிச் சொல்லியிருக்கிறது. இரண்டு வரி தள்ளி, ‘உங்கள் சமநிலை குறைந்தால் தெரிவிக்கப்படுவீர்கள்.’ அம்மா படித்திருந்தால் தலைசுற்றலுக்கு மாத்திரை எடுத்திருப்பார். ‘பேலன்ஸ்’ என்பதுதான் சமநிலை ஆகியிருந்தது, கணக்கிருப்பு என்று மாற்றினேன். இப்படிப்பட்டதைத் திருத்துவதைவிடப் புதிதாக எழுதுவது சீக்கிரம் முடியும். ஆகவே இந்த வகைக்குச் சொல் கணக்கு கிடையாது, மணிக் கணக்குதான். முதலில் 200 சொல்லை இலவசமாகத் திருத்தி, எவ்வளவு நேரம் ஆனது என்று காட்டுவேன். பாதிப் பேர் அதோடு போய்விடுகிறார்கள். மீதிப் பேர் தங்கிவிடுகிறார்கள்.

இதை எழுதும்போது வசூல் தாளில் இரண்டு வரிசை மஞ்சளாக இருக்கிறது. ஒன்று 34 நாள், அவர் நல்லவர், மறந்திருப்பார். இன்னொன்று 41. நாளைக்கு எங்கள் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை, காலையிலிருந்தே கரண்ட் இருக்காது. போன் போட நல்ல நாள்.