நியோடிமியமா, இரும்பு ஆக்சைடா?

உடலுக்குள் காந்தத்தால் ஓட்டும் நுண்ரோபோவுக்கு, சிலிகான் ரப்பரிலோ ஜெல்லிலோ காந்தத்தூளைக் கலக்கிறார்கள். எந்தத் தூள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

நியோடிமியம்-இரும்பு-போரான் தூளுக்கு வலுவான காந்தப்புலத்தில் ஒருமுறை காந்தமேற்றினால் போதும், அந்தத் திசை அப்படியே நிற்கும். மெல்லிய ரப்பர் பட்டையைக் கண்ணாடிக் குச்சியில் சுற்றிக் காந்தமேற்றி, பிறகு விரித்தால், ஒவ்வொரு பகுதியின் காந்தத்திசையும் வேறாகிவிடும். வெளிப்புலத்தை மாற்ற மாற்றப் பட்டை நெளியும், உருளும், தாவும். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் 2018இல் 3.7 மில்லிமீட்டர் நீளப் பட்டையில் இதைச் செய்துகாட்டினார்கள். அபாரமான வேலை! ஆனால் ஈரம் பட்டால் இந்தத் தூள் அரித்துப்போகும். காப்புப் பூச்சு இல்லாமல் உடலுக்குள் விடக் கூடாது.

இரும்பு ஆக்சைடு நானோதுகள் வேறு ரகம். புலத்தை விலக்கியதும் காந்தம் போய்விடும், இழுவிசையும் குறைவு. ஆனால் உடல் அதைச் சிதைத்துத் தன் இரும்புச் சேமிப்பில் சேர்த்துக்கொள்ளும். ரத்தசோகைக்குத் தரும் ஃபெருமாக்சிடால் இந்த வகைத் துகள்தான். வேகமாக மாறும் புலத்தில் சூடேறுவதால் புற்றுக்கட்டியைச் சூட்டால் தாக்கவும் உதவும்.

ரத்தக்குழாய்க்குள் செலுத்தி, வேலை முடிந்ததும் வெளியே இழுத்துவிடும் வழிகாட்டிக் கம்பிக்கு நியோடிமியம் சரி. மருந்தைச் சுமந்துபோய் உள்ளேயே கரைய வேண்டிய நுண்ரோபோவுக்கு என் தேர்வு இரும்பு ஆக்சைடுதான்.