பட்டுச்சேலையா, தமெய்னா? ரங்கூனில் குடும்பப் படத்துக்கு என்ன உடுத்தலாம்

அப்பாவின் மணிவிழாவுக்கு முன்னால் நல்ல குடும்பப் படம் ஒன்று எடுத்துவிட வேண்டும் என்று முடிவானதும் வீட்டில் இரண்டு கட்சியாகிவிட்டது. சித்தி காஞ்சிப் பட்டைத்தான் கட்ட வேண்டும் என்றார். அம்மாவோ, "நாப்பது வருஷமா தமெய்னும் எய்ஞ்சியுமா இருக்கேன், படத்துக்கு மட்டும் வேற ஆளா நிக்கணுமா?" என்றார். தமெய்ன் என்பது பர்மியப் பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் துணி, எய்ஞ்சி அதற்கு மேல் போடும் சட்டை. கடைசியில் இரண்டு முறை எடுத்தோம். ஒன்று ஸ்டூடியோவில் ஃபிளாஷ் வெளிச்சத்தில், மற்றொன்று வீட்டு வராண்டாவில் காலை வெயிலின் நிழலில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பட்டு. ஸ்டூடியோ படத்தில் சித்தியின் தோளில் கிடந்த முந்தானை ஜரிகை தங்கமாகவே தெரியவில்லை. நேர் எதிரே வெடித்த ஃபிளாஷை அது கண்ணாடி போலத் திருப்பியடித்து, தோளில் ஒரு வெள்ளைக் கோடாக நின்றது. பார்க்கிறவர் கண் முகத்துக்குப் போகாமல் அங்கேயே போகிறது. அரக்குச் சிவப்பின் சாயல் தாடைக்கு அடியில் ஏறி, கழுத்து வேறு நிறமாகவும் முகம் வேறு நிறமாகவும் தெரிந்தது. அதே சேலை வராண்டாவில் அப்படி மாறிப்போயிற்று! பக்கவாட்டு வெளிச்சத்தில் மடிப்புக்கு மடிப்பு நிழல் விழுந்து, ஜரிகை ஜரிகையாக மின்னியது. குறை சேலையில் இல்லை, வெளிச்சம் வந்த திசையில்தான். ஆகவே ஸ்டூடியோவுக்குப் பட்டு கட்டுகிறவர்கள் அகல ஜரிகையைத் தவிர்த்து, சின்னக் கரை வைத்ததாக எடுங்கள். ஃபிளாஷைக் குடை வைத்தோ சுவரில் அடித்தோ மென்மையாக்கச் சொல்லிக் கேட்கவும் கூச்சப்படாதீர்கள்.

தமெய்ன் பக்கம் வந்தால், முதல் கேள்வி படம் எதுவரை என்பது. இடுப்புக்கு மேலே மட்டும் எடுத்தால் தமெய்னே தெரியாது, எய்ஞ்சிதான் முழு உடையும். அதன் கழுத்து வெட்டும் தோள் பொருத்தமும் சரியாக இருந்தால் போதும். முழு உருவமாக நின்றோ உட்கார்ந்தோ எடுத்தால் மண்டலே பக்கத்து அமரபுரத்தில் நெய்யும் லுன்தயா அச்செய்க் என்னும் துணிக்கு இணை கிடையாது. லுன்தயா என்றால் நூறு நாடா, அதாவது தறியில் ஊடை நூலை ஓட்டும் கட்டை நூறு, என்று பொருள். அத்தனை நாடாக்களைக் கையால் மாற்றி மாற்றி ஓட்டிக் கொண்டுவரும் அலை வடிவம் தூரத்திலிருந்தும் தெளிவாக விழும். மேலே வெறும் ஒற்றை நிற எய்ஞ்சி போட வேண்டும். மேலும் கீழும் பூவேலை என்றால் முகம் தொலைந்துவிடும். முழு உருவப் படத்துக்கு என் ஓட்டு அம்மா கட்சிக்குத்தான்.

ஆண்களிடம் சண்டையில்லை, ஆனால் தப்பு அதிகம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை நமக்கு அழகுதான். ஆனால் படம் நிறைய வெள்ளை இருந்தால் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது நம் மாநிற முகம் இருண்டுவிடும். அப்பாவுக்கு முதல் படத்தில் அப்படித்தான் ஆயிற்று, மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் கண்ணே தெரியவில்லை. கேமராவில் முகத்தின் வெளிச்சத்தை அளந்து எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் சந்தன நிறச் சட்டைக்கு மாறுங்கள். பசோ, அதாவது பர்மிய ஆண்களின் லுங்கி, கட்டினால் பொடிக் கட்டம் வேண்டாம். போன் திரையில் சுருக்கிப் பார்க்கும்போது அந்தக் கட்டங்கள் நெளிநெளியாக ஓடும்.

இனி தனக்காவா (பர்மாவில் மரக்கட்டையை அரைத்து முகத்தில் தடவும் பூச்சு), பவுடரா? எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். பவுடர் போடுகிறவர்களில் பலர் தம் நிறத்தைவிட இரண்டு படி வெளுப்பானதை எடுத்துவிடுகிறார்கள். ஃபிளாஷில் முகம் சுண்ணாம்பாகவும் கழுத்து அதன் இயல்பான நிறத்திலும் நிற்கும். வெயில் காக்கும் கிரீம்களில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடும் இதே வேலையைச் செய்யும். படத்தன்று அதை விட்டுவிடுங்கள். மழைக்காலப் புழுக்கத்தில் பவுடர் திட்டுத்திட்டாக வேறு பிரியும். மூக்கிலும் நெற்றியிலும் பஞ்சுக் கைக்குட்டையால் ஒற்றியெடுத்தாலே போதும்.

தனக்காவை வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், கன்னத்தில் வெளிர் வட்டமாக விழும் என்று. அம்மா கேட்கவில்லை. விடியற்காலையில் சௌக்பியின் என்னும் அரைக்கும் கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, கட்டையைச் சுற்றிச் சுற்றி அரைத்தார். வழக்கமான தடிப்பு வட்டமாக இல்லாமல், விரல் நுனியால் மெல்லிசாக இரண்டு கன்னத்திலும் ஒரே அளவாகத் தடவி, முழுக்க உலரவிட்டார். "இது இல்லாம எடுத்தா, அது யாரோ ஒரு பொம்பள படம்டி." உலர்ந்த தனக்கா எண்ணெய் மினுமினுப்பை அடக்கிவிட்டது. ஈரமாக இருக்கும்போது எடுத்தால்தான் திட்டு. பவுடருக்கு மேல் தடவினாலும் வெடித்துவிடும்.

மற்றவை சுருக்கமாக. முடிவெட்டு ஒரு வாரம் முன்பே. தலைக்கு எண்ணெய் முந்தின நாளோடு நிறுத்தம், வகிட்டில் ஒளி வழுக்கும். கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊர் இது, இஸ்திரியை முந்தின நாளே முடித்து உடையைத் தொங்கவிட்டு வையுங்கள். புதுப் பருத்தியை ஒருமுறை துவைத்துக் கஞ்சியை எடுத்தால்தான் உடம்போடு படியும்.

மணிவிழா அன்றைக்குச் சித்திக்குப் பட்டு, அம்மாவுக்கு அச்செய்க், இருவரும் வராண்டாவில், காலை எட்டு மணிக்கு முன்பே என்று பேசி வைத்திருக்கிறோம்.